எழுத்துத் திரையும் வரைகலைத் திரையும்: மின்னஞ்சல் வரலாற்றில் ஒரு பெருவழக்கு

கருத்தைத் தாங்கிச் செல்லும் பொருள், அக்கருத்தின் வடிவையும் ஓரளவு தானே வகுத்துவிடுகிறது. இவ்வுண்மையைத் தமிழாசிரியர்க்குச் சான்று காட்டி விளக்க வேண்டுவதில்லை. பனையோலையில் எழுதிய முன்னோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுவது. அதனால் மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாடும், எகர ஏகார வேறுபாடும் படிப்போர் அறிவுக்கே விடப்பட்டன. ஏடு பதிப்பித்த அறிஞர்கள் பட்ட துன்பத்திற்கு இதுவும் ஒரு காரணம். ஓலை தன் இயல்பைத் தமிழ் எழுத்தின்மேல் ஏற்றியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே வரலாறு வேறோர் உருவில் மீண்டும் நிகழ்ந்தது. மின்னஞ்சல் எழுதுவதற்கும், செய்திக்குழுக்களைப் படிப்பதற்கும் இருவகை நிரல்கள் தோன்றின. ஒருவகை, எழுத்துகளை மட்டும் திரையில் காட்டி விசைப்பலகையால் இயங்குவது. மற்றொன்று, சாளரம், படம், பலவகை எழுத்துரு ஆகியவற்றைக் காட்டிச் சுட்டியால் இயங்குவது. இரண்டனுள் எது சிறந்தது என்ற வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. வெளிநாட்டார் பலர்க்கு அது பழக்கமும் விருப்பமும் பற்றிய சொற்போர். தமிழர்க்கோ அது தம் மொழியைத் தம் எழுத்தில் எழுதுவதா, உரோமன் எழுத்தில் எழுதுவதா என்னும் வினாவாக வந்து நின்றது.

தோற்றம்

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பும் முறையை 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் அமைத்தார். அவர் பணியாற்றிய நிறுவனம் மாசசூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்தது. முதல் சோதனைக்குப் பயன்பட்ட இரு கணினிகளும் ஒரே அறையில் அருகருகே இருந்தவை. ஆயினும் மடல் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியாகவே சென்றது. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட இன்று உலகம் முழுதும் வழங்கும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே.

அக்காலத்து முனையங்கள் பல, தட்டச்சுப் பொறி போலத் தாளில் அச்சடித்தவை. பின்னர்த் திரை வந்தது. வரிக்கு 80 எழுத்து, பக்கத்திற்கு 24 வரி என்பது அத்திரையின் பொது அளவாயிற்று. அதில் தோன்றிய எழுத்துகள் ஆஸ்கி என்னும் குறிமுறையைச் சார்ந்தவை. ஏழு இருமக் குறிகளால் ஆன அம்முறையில் மொத்தம் 128 இடங்களே உண்டு. அவற்றுள் 33 கட்டுப்பாட்டுக் குறிகள் போக, அச்சேறும் குறிகள் 95. ஆங்கிலத்திற்கு அது போதும். பிரெஞ்சு மொழியின் உச்சிக்குறிகளுக்கே அதில் இடமில்லை. 247 எழுத்து கொண்ட தமிழுக்கு இடம் இருந்திருக்க முடியாது. 1982இல் ஜான் பாஸ்டல் வெளியிட்ட மின்னஞ்சல் கடத்து நெறியும் இவ்வேழு இருமக் குறிகளையே அடிப்படையாகக் கொண்டது.

செய்திக்குழுவின் வரலாறு 1979இல் தொடங்குகிறது. வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் கணினிகளைத் தொலைபேசி வழியே இணைத்துச் செய்தி பரிமாறும் திட்டத்தை வகுத்தனர். அருகிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். யூஸ்நெட் எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பில் ஒருவர் எழுதியதை உலகெங்கும் உள்ள ஒத்த ஆர்வலர் படித்து மறுமொழி எழுதலாம். 1987இல் குழுக்கள் துறைவாரியாகப் பகுக்கப்பட்டன. அவற்றுள் சமுதாயம் பற்றிய பிரிவில் பின்னாளில் தமிழ்ப் பண்பாட்டிற்கென ஒரு குழுவும் இடம்பெற்றது.

எழுத்துத் திரையின் ஆட்சி

1984இல் லாரி வால் என்பவர் எழுதிய ‘ஆர்என்’ என்னும் செய்தி படிக்கும் நிரல் ஒரு திருப்புமுனை எனலாம். பின்னர்ப் பெர்ல் என்னும் நிரல்மொழியைப் படைத்துப் புகழெய்தியவரும் இவரே. அந்நிரலில் இடைவெளி விசையொன்றை அழுத்திக்கொண்டே சென்றால் ஒரு குழுவின் செய்திகள் அனைத்தையும் படித்து முடிக்கலாம். வேண்டாத தலைப்பையும் வேண்டாத ஆளையும் குறித்து வைத்தால், அவை மீண்டும் கண்ணில் படாமல் நிரலே விலக்கிவிடும். அதன் வழிவந்த ‘டிஆர்என்’ ஒரு செய்திக்கு எழுந்த மறுமொழிகளைக் கிளை கிளையாகத் தொகுத்துக் காட்டியது. ஜப்பானியரான மசநோபு உமேதா ஈமாக்ஸ் தொகுப்பானுக்குள் இயங்கும் ‘நூஸ்’ என்னும் நிரலை ஆக்கினார். 1991இல் ‘டின்’ வந்தது.

மின்னஞ்சலிலும் இவ்வாறே வளர்ச்சி இருந்தது. 1986இல் டேவ் டெய்லர் ‘எல்ம்’ நிரலை வெளியிட்டார். 1989இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘பைன்’ நிரலின் ஆக்கம் தொடங்கியது. பைன் கணினி வல்லுநர்க்காகச் செய்யப்பட்டதன்று. பல்கலைக்கழக அலுவலகப் பணியாளர்க்காகச் செய்யப்பட்டது. எந்த விசை எதற்கு என்பது திரையின் அடியில் எப்போதும் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் எழுத்துத் திரை என்றாலே கற்றோர்க்கு மட்டும் உரியது என்ற கருத்து வரலாற்றுக்கு ஒவ்வாதது.

எழுத்துத் திரை நிலைத்ததற்கு விரைவும் சிக்கனமும் காரணம். ஒரு நொடிக்கு 2400 இருமக் குறிகளைக் கடத்தும் தொலைபேசி இணைப்பில் ஏறத்தாழ 240 எழுத்துகளே நொடிதோறும் வந்து சேரும். 1920 எழுத்து கொண்ட ஒரு முழுத்திரை நிரம்ப எட்டு நொடி ஆகும். நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வருவதற்கோ ஏழு நிமிடம் வேண்டும். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும்போது படம் ஓர் ஆடம்பரமே.

சிக்கனத்திலிருந்து ஒழுக்கம் பிறந்தது. வரி நீளக்கூடாது; மறுமொழி எழுதுவோர் மூலத்தில் வேண்டிய பகுதியை மட்டும் மேற்கோள் குறியிட்டு வைத்து அதன் கீழே விடை எழுத வேண்டும்; கையொப்பம் நான்கு வரிக்குள் அடங்க வேண்டும். இத்தகைய நெறிகள் பல 1995ஆம் ஆண்டு அக்டோபரில் இணைய நன்னடைக் குறிப்பாக வெளியிடப்பட்டன. அக்குறிப்பு வரிக்கு 65 எழுத்துக்கும் குறைவாக எழுதுமாறு கூறிற்று. சூத்திரத்தை இட்டு அதன் கீழ் உரை வரையும் உரையாசிரியர் மரபை அறிந்தோர்க்கு, மேற்கோளிட்டு அதன் கீழ் விடை எழுதும் இம்முறை புதுமையாகத் தோன்றாது.

வரைகலைத் திரையின் வருகை

1984இல் மெக்கின்டாஷ் கணினி வெளிவந்து, சுட்டியையும் சாளரத்தையும் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் அதற்கென ‘யூடோரா’ என்னும் மின்னஞ்சல் நிரலை எழுதினார். அஞ்சல் நிலையத்தில் குடியேறி வாழும் ஒருத்தியைப் பற்றிச் சிறுகதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. 1990இல் நியூசிலாந்தின் டனேடின் நகரிலிருந்து டேவிட் ஹாரிஸ் ‘பெகாசஸ்’ நிரலை வெளியிட்டார். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி அஞ்சலையும் செய்திக்குழுவையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘அவுட்லுக் எக்ஸ்பிரஸ்’ 1997இல் அப்பெயருடன் உலாவியோடு சேர்ந்தே வந்து, கேளாமலே கோடிக்கணக்கான வீடுகளில் புகுந்தது.

இருவகையையும் பிரித்தது திரையின் தோற்றம் மட்டுமன்று. மடல் எங்கே வாழ்கிறது என்பதும் ஆகும். பாப் என்னும் நெறி, அஞ்சல் நிலையத்திலிருந்து மடலைத் தன் வீட்டுக்கு எடுத்துவருவது போன்றது. 1986இல் மார்க் கிரிஸ்பின் வகுத்த ஐமாப் என்னும் நெறி, மடலை நிலையத்திலேயே வைத்துச் சென்று படிப்பது போன்றது. யூடோரா பெரிதும் முதல் வழியைப் பற்றியது. கிரிஸ்பினும் பங்கு கொண்டு வளர்த்த பைன் இரண்டாம் வழியைப் பற்றியது. முதல் வழியில் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓய்வாகப் படிக்கலாம், எழுதலாம். ஆனால் வீட்டுக் கணினி பழுதானால் மடல்களும் அழியும். இரண்டாம் வழியில் எந்த ஊரிலிருந்தும் தன் மடல்களைக் காணலாம்; ஆனால் இணைப்பு இடையறாது வேண்டும்.

1992இல் நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் வெளியிட்ட மைம் என்னும் நெறி படம், ஒலி, பிறமொழி எழுத்து ஆகியவற்றை ஏழு இருமக் குறிப் பாதையிலேயே மாற்றுருவில் அனுப்ப வழி செய்தது. பின்னர் வலைப்பக்கத்தின் குறிமொழியிலேயே மடல் எழுதும் வழக்கம் பரவியது. அம்மடல் வரைகலைத் திரையில் வண்ணமும் தடித்த எழுத்துமாகத் தோன்றும். எழுத்துத் திரையிலோ கோணக்குறிகளும் கட்டளைச் சொற்களும் கலந்த முட்புதராகத் தோன்றும். வழக்கு முற்றியது இங்கேதான். ஒரு சாரார், நெறி தெரியாதவர் மடலைப் பாழ்படுத்துகின்றனர் என்றனர். மறுசாரார், உலகம் முன்னேறும்போது பழைய முனையத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதேன் என்றனர். மறுமொழியை மூலத்தின் மேலே எழுதும் பழக்கமும் பெருகிற்று. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எழுதுகுறியை மேலே நிறுத்தியதே அதற்கு ஒரு பெருங்காரணம்.

தமிழின் நிலை

இவ்வழக்கில் தமிழர் எந்தப் பக்கம் நிற்க இயன்றது? எழுத்துத் திரையில் தமிழ் எழுத இயலாது. ஆதலின் 1990களின் முற்பகுதியில் செய்திக்குழுவில் எழுதிய தமிழர் ஆங்கிலத்தில் எழுதினர். அல்லது தமிழை உரோமன் எழுத்தில் எழுதினர். கவனமின்றி எழுதிய ஒரே உரோமன் சொல்லைப் பழம் என்றும், பலம் என்றும், பாலம் என்றும், பள்ளம் என்றும் படிக்கலாம். இக்குழப்பத்தைத் தவிர்க்கச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் மாற்றி மாற்றி இட்டு லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்தும் முறைகள் வகுக்கப்பட்டன. அவ்வாறு எழுதியதைத் தமிழ் எழுத்தாக மாற்றும் நிரல்களும் எழுந்தன. ஓலையில் விடுபட்ட புள்ளியைப் படிப்போர் உய்த்துணர்ந்தது போல, முனையத்தில் விடுபட்ட தமிழையும் படிப்போர் உய்த்துணர வேண்டியதாயிற்று.

வரைகலைத் திரை இத்தளையை அவிழ்த்தது. அதில் எழுத்தின் வடிவை முனையம் முடிவு செய்வதில்லை. எழுத்துரு முடிவு செய்கிறது. தமிழ் வடிவங்கள் கொண்ட எழுத்துருவை இட்டால் திரையில் தமிழ் தோன்றும். இத்துறையில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஆற்றிய பணி பெரிது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ என்ற பெயருடன் உலகத் தமிழரிடையே பரவியது. அப்பெயரில் அஞ்சல் என்னும் சொல் அமைந்தது பொருத்தமே. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சித் துறையில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழ் எழுத்தை ஏற்றும் முயற்சியில் முன்னின்றார். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு அம்முயற்சியின் பயன். 1999இல் அவர் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பாயிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கினார். அவர் முன்னின்று 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலரை மின்னஞ்சலால் இணைத்துத் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது.

ஆயினும் இன்னல் தீரவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளை வெவ்வேறு இடங்களில் வைத்தது. அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெற்றவரிடம் இல்லையேல் மடல் பொருளற்ற குறிகளின் குவியலாகும். இதனை நீக்க, உரோமன் எழுத்தைக் கீழ்ப் பாதியிலும் தமிழ் எழுத்தை மேற்பாதியிலும் வைத்த எட்டு இருமக் குறிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. டிஸ்கி எனப்படும் அம்முறையைப் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வகுத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்குப் போட்டியாக 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் முறைகள் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. எட்டாம் இருமக் குறியை வெட்டிவிடும் பழைய அஞ்சல் கணினிகள் வழியில் குறுக்கிட்டால், எந்த முறையில் எழுதிய தமிழும் சிதைந்தே போய்ச் சேர்ந்தது.

பாதுகாப்பு

வரைகலைத் திரை தமிழை வாழவைத்தது எனினும், அதன்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் பொய்யல்ல. 1999 மார்ச் மாதத்தில் மெலிசா என்னும் நச்சுநிரல், செய்திக்குழு ஒன்றில் இடப்பட்ட ஆவணத்தின் வழியே பரவத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் வெளிப்பட்ட மற்றொன்று, இணைப்பைத் திறவாமலே, மடலைத் திறந்த அளவிலேயே செயற்படும் வகையில் அமைந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பீன்சிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ மடல் சில நாள்களில் உலகைச் சுற்றியது. அதன் இணைப்பு, வெறும் எழுத்துக் கோப்பு போலப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. உண்மை வகையைக் காட்டும் பின்னொட்டை விண்டோஸ் மறைத்தமையால் மக்கள் ஏமாந்தனர். எளிய எழுத்து மடலின்மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையே அங்குத் தூண்டிலாயிற்று.

பைன், மட் போன்ற நிரல்களில் மடல் படித்தோர் இவற்றால் தாக்குறவில்லை. அந்நிரல்கள் மடலைப் படித்தனவே யன்றி, மடல் இட்ட கட்டளையை நிறைவேற்றவில்லை. எழுத்துத் திரை நிரல்களிலும் பிழைகள் கண்டு திருத்தப்பட்டதுண்டு. ஆயினும் தாக்குதற்குரிய வாயில்கள் அவற்றில் குறைவு. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படத்தை வைத்து, பெற்றவர் எப்போது திறந்தார் என்று வேவு பார்க்கும் முறையும் வரைகலை மடலுடன் வந்ததே. 2018இல் ஆய்வாளர் வெளியிட்ட ‘ஈஃபெயில்’ ஆய்வு, மறைகுறி மடலின் உள்ளடக்கமே வலைக்குறிமொழியின் வழியாக வெளியே கசியக்கூடும் எனக் காட்டிற்று.

எஞ்சி நிற்பது எது?

வரலாற்று ஆசிரியனுக்கு மிக இன்றியமையாத வினா, எது எஞ்சுகிறது என்பதே. 1980களில் செய்திக்குழுக்களில் எழுதப்பட்டவை வெறும் எழுத்தாகவே இருந்தமையால் இன்றும் தடையின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. 1981 முதலான தொகுப்பு ஒன்று 2001இல் கூகுள் நிறுவனத்திடம் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் அந்நிறுவனம் யூஸ்நெட்டில் புதிய செய்திகளை ஏற்பதை நிறுத்தியது. பழைய தொகுப்பு மட்டுமே எஞ்சியது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010இல் தன் செய்திக் கணினியை மூடிவிட்டது.

தமிழ்ப் பகுதியில் ஒரு விந்தை காண்கிறது. உரோமன் எழுத்தில் எழுதப்பட்ட பழைய தமிழ்ச் செய்திகள் குறைபாடுடன் என்றாலும் இன்றும் படிக்கத் தக்கன. எழுத்துருவை நம்பித் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டவையோ, அவ்வெழுத்துருவும் மாற்றி நிரலும் இல்லாதவர்க்குப் புரியாத குறிகளாய் நிற்கின்றன. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்ற நிரல்கள் மடல்களைத் தமக்கே உரிய மூடிய கோப்பில் வைத்தன. அந்நிரல் 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இடம்பெறவில்லை. யூடோரா வரைகலை நிரலாயினும் மடல்களை ஏறத்தாழ வெறும் எழுத்தாகவே சேமித்தது. ஆதலின் அது நின்ற பின்னும் மடல்கள் எளிதில் மீட்கப்பட்டன. அதன் மூலநிரலும் 2018இல் அமெரிக்கக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தால் பொதுவில் வெளியிடப்பட்டது.

வழக்கின் முடிபு

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், வழக்காடியோர் இரண்டு பொருள்களை ஒன்றாகக் கொண்டு மயங்கினர் என்பது புலனாகும். மடலைக் காட்டும் நிரலின் உரு ஒன்று. மடலின் உரு மற்றொன்று. எழுத்துத் திரையார் காக்க விரும்பியது உண்மையில் மடலின் எளிமையையே. வரைகலைத் திரையார் வேண்டியது உண்மையில் எல்லா மொழிக்கும் எல்லார்க்கும் இடம் தரும் திரையையே. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல.

இவ்விரண்டையும் இணைத்தது யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டது. 1992இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகியோர் வகுத்த யூடிஎஃப்-8 முறை, பழைய ஆஸ்கி எழுத்துகளை மாற்றாமலே உலக எழுத்துகள் அனைத்தையும் எழுத வழி செய்தது. விண்டோஸ் 2000 முதலான இயங்குதளங்கள் தமிழை ஏற்றன. எழுத்துருவைச் சாராத, வண்ணமும் அணியும் இல்லாத, வெறுந்தமிழ் எழுத்து மடல் அதன்பின்னரே இயல்வதாயிற்று. அதைத் தண்டர்பேர்டிலும் படிக்கலாம். மட் நிரலிலும் படிக்கலாம். கண்பார்வை இழந்தோர் திரைபடிப்பான் வழியே கேட்கவும் அது ஏற்றது. முனையத் திரைகள் பலவற்றில் தமிழின் கொம்பும் காலும் ஒரே அகலமுள்ள கட்டங்களுக்குள் இன்னும் செவ்வையாக அமையவில்லை என்பது உண்மையே. ஆனால் அது திரையின் குறை, மடலின் குறையன்று. திரை திருந்தும் நாளில் மடல் மாறாமல் படிக்கப்படும்.

பெரும்பான்மை மக்கள் இவ்விரு திரையையும் விட்டு, 1996இல் தோன்றிய ஹாட்மெயில், 2004இல் தோன்றிய ஜிமெயில் போன்ற வலைவழி அஞ்சலுக்குச் சென்றுவிட்டனர். அங்கு மடலைக் காக்கும் பொறுப்பும் உரிமையும் பெரிதும் நிறுவனத்தின் கையில் உள்ளன. ஆயினும் லினக்ஸ் கருவக நிரலாளர் தம் மடற்குழுவில் இன்றும் வெறும் எழுத்து மடலையே ஏற்கின்றனர்; வலைக்குறிமொழி மடல் வந்தால் அவர்தம் அஞ்சல் கணினி அதைத் திருப்பிவிடுகிறது. பல்லாயிரம் பேர் கூடிச் செய்யும் பெரும்பணிக்கு அம்முறை தடையாக இல்லை.

ஓலை அழியுமுன் படியெடுத்தமையால் சங்கத் தமிழ் நமக்குக் கிடைத்தது. 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளின் உரையாடல்களும் இன்று ஓலை நிலையில் உள்ளன. டிஸ்கியிலும் பிற எழுத்துருக்களிலும் கிடக்கும் அம்மடல்களை ஒருங்குறிக்கு மாற்றி, வெறும் எழுத்துக் கோப்பாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும். மாற்றி நிரல்கள் கிடைக்கும்போதே, எழுதியவர் பலர் வாழும்போதே அப்பணி நடைபெற வேண்டும். எந்தத் திரை சிறந்தது என்ற வழக்கு பழங்கதையாகிவிட்டது. எந்த மடல் எஞ்சும் என்ற வினா மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்கு விடை கூறும் பொறுப்பு தமிழ் கற்போரிடமும் கற்பிப்போரிடமும் உள்ளது.